கைப்பேசித் திரையில் அறநெறிப் பாடம்

"நேமிநாத தீர்த்தங்கரரின் இலாஞ்சனம் யாது?" என்று எம் மகள்வழிப் பேத்தியை ஒருநாள் வினவினோம். 2021ஆம் ஆண்டுக் கோடைக்காலம் அது. பள்ளிகள் மூடிக் கிடந்தன. ஞாயிறுதோறும் ஜினாலயத்தில் நடந்துவந்த அறநெறி வகுப்பும் நின்றுபோய், பாடங்கள் கைப்பேசி வழியே வீடுகளுக்குச் சென்றுகொண்டிருந்தன.

"கருங்குவளை, பாட்டி" என்றாள் சிறிதும் தயங்காமல்.

"நமிநாதருக்கு?"

"ஆமை."

"முனிசுவிரதருக்கு?"

"கலசம்."

மூன்றும் பிழை. நேமிநாதருக்குச் சங்கு, நமிநாதருக்குக் கருங்குவளை, முனிசுவிரதருக்கு ஆமை, கலசம் மல்லிநாதருக்கு உரியது. எனினும் அவள் விடைகளில் ஓர் ஒழுங்கு இருந்ததை யாம் கண்டோம். ஒவ்வொன்றும் ஒரு வரிசை மேலேறி நின்றது. மனப்பாடம் செய்யாத பிள்ளை இவ்வளவு ஒழுங்காகப் பிழை செய்யாது. "எங்கே, பாடத்தைக் காட்டு" என்றோம். அவள் கைப்பேசியைக் கொணர்ந்து காட்டினாள்.

திரையில் இருந்தது ஓர் அட்டவணையின் நிழற்படம். கையால் எழுதப்பட்டது. எண், திருப்பெயர், பிறந்த நகர், பெற்றோர், இலாஞ்சனம், முத்தித்தலம் என ஆறு பத்திகள்; கீழ்நோக்கி இருபத்து நான்கு வரிசைகள். முழுமையாகப் பார்த்தால் எழுத்து எறும்பு ஊர்ந்தது போல் இருக்கும். படிக்கும் அளவிற்குப் பெரிதாக்கினால் இரண்டு பத்திகளுக்கு மேல் திரையில் நில்லா. பெயரைப் படித்துவிட்டு, இலாஞ்சனத்தைக் காண்பதற்குப் படத்தை விரலால் இடப்பக்கம் தள்ள வேண்டும். தள்ளும் விரல் நேர்கோட்டிலா செல்லும்? சற்றே கீழே இறங்கினாலும் ஒரு வரிசை தவறிவிடும். பிள்ளை அவ்வாறு தவறிய வரிசையை உண்மையென நம்பி, சிரத்தையுடன் மனப்பாடம் செய்திருந்தாள்.

அந்த அட்டவணையை எழுதி அனுப்பியவர் யாமே.

ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்குப் பாடம் கற்பிக்கும் முறையைப் பல ஆண்டுகள் போதித்த எமக்கு நேர்ந்த இந்த நாணத்தை மறைக்காமல் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களிலிருந்து நம் குடும்பங்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் பரவிவிட்டன. பெருந்தொற்று நீங்கி ஜினாலய வகுப்புகள் மீண்ட பின்னும், தொலைவில் உள்ள பிள்ளைகளுக்குக் கைப்பேசிப் பாடமே அறநெறி வகுப்பாக இருந்துவருகிறது. அப்பாடங்களைத் தொண்டு மனப்பான்மையோடு எழுதி அனுப்பும் சிராவகியரும் இளைஞரும் பலர். அவர்களுடைய உழைப்பு, எம் அட்டவணையைப் போல் வீணாகிவிடக் கூடாது என்பதே எம் கவலை.

ஆசிரியர் அருகில் இல்லாத பாடம்

நம் முன்னோர் ஓலையில் எழுதினர். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருப்பதில்லை. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் ஆகியவற்றிடையே வேறுபாடு தெரியாது. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. செய்யுளுக்கும் உரைக்கும் தனி வரியும் இல்லை. இவ்வளவு குறைகளோடு எப்படிப் படித்தார்கள் என்று இன்றைய பிள்ளைகள் வியப்பார்கள். சுவடி தனியே படிக்கப்படவில்லை என்பதே விடை. பக்கத்தில் ஆசிரியர் இருந்தார். அவர் வாயால் கேட்டதை நினைவூட்டும் துணையாகவே ஓலை இருந்தது.

ஆசிரியர் இல்லாதபோது என்ன நேர்ந்தது என்பதற்கு நம் சீவக சிந்தாமணியே சான்று. உ.வே. சாமிநாதையர் அந்நூலை ஆராயப் புகுந்தபோது, மூலமும் நச்சினார்க்கினியர் உரையும் கையில் இருந்தும் சமண சமயச் செய்திகள் விளங்காமல் தடுமாறினார். கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை நாடிக் கேட்டுத் தெளிந்த பின்னரே, 1887ஆம் ஆண்டில் அந்நூலை அச்சிட்டு வெளியிட்டார். அத்தகைய பேரறிஞருக்கே எழுத்து மட்டும் போதவில்லை. அருகிருந்து விளக்குவோர் வேண்டியிருந்தனர். அச்சு நூல் வந்த பின் படிப்பவர் தனியே அமர்ந்து படிக்கலானார். ஆகவே பதம் பிரித்தல், நிறுத்தக்குறி, தலைப்பு, அடிக்குறிப்பு, அகராதி ஆகியன ஆசிரியரின் இடத்தை நிரப்ப வந்தன.

இப்போது கைப்பேசி. பிள்ளை தனியே, ஒருவேளை பேருந்தில், ஒருவேளை தாயின் சமையலறை ஓரத்தில், உள்ளங்கை அளவுத் திரையில் படிக்கிறது. "புரிகிறதா?" என்று கேட்பவர் இல்லை. முகம் சுளிப்பதைக் கண்டு மறுபடி விளக்குவாரும் இல்லை. ஆசிரியர் எவ்வளவுக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு பாடத்தின் அமைப்பு அவர் வேலையைச் செய்தாக வேண்டும். இதனை உணராமல் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டுப் பாடம் நடத்திவிட்டதாக யாம் கருதியதே தவறு.

இரண்டு வகைக் கடினங்கள்

பாடத்தில் இயல்பாக அமைந்த கடினம் ஒன்று. அதனை வைத்த முறையால் வந்து சேரும் கடினம் மற்றொன்று. கருமம் உயிரில் ஊறுவதும் செறிவதும் உதிர்வதும் எளிய பொருள்கள் அல்ல. அவற்றிற்காகப் பிள்ளை சிந்தித்தே ஆக வேண்டும். மங்கிய எழுத்தைக் கூர்ந்து நோக்குவதற்கும், நழுவிய வரிசையைத் தேடுவதற்கும் அதே அறிவைச் செலவிட்டால், கருமத்தைப் பற்றிச் சிந்திக்க எது எஞ்சும்? ஆத்திரேலியக் கல்வி உளவியலறிஞர் ஜான் சுவெல்லர் 1988ஆம் ஆண்டு முதல் விளக்கிவரும் கருத்து ஏறத்தாழ இதுவே. மனம் ஒரே வேளையில் தாங்கும் சுமைக்கு ஓர் அளவு உண்டு. பயனற்ற சுமையைக் குறைத்தால்தான் பயனுள்ள சுமைக்கு இடம் கிடைக்கும் என்பது அதன் சாரம்.

இது நமக்குப் புதிதன்று. சீயகங்கன் வேண்டுகோளுக்கு இணங்கி நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் நம் சமயத்தவர். அவர் இலக்கணம் சொல்லப் புகுமுன் பாயிரத்தில், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து, நூலுக்கு வேண்டிய அழகுகள் பத்து, ஆசிரியரின் இயல்பு, பாடஞ்சொல்லும் முறை, மாணவரின் இயல்பு என்பவற்றை வகுத்து வைத்தார். கேட்பவன் எந்த அளவிற்கு ஏற்றுக்கொள்வான் என அறிந்து சொல்ல வேண்டும் என்கிறார். எம் அட்டவணையை அவர் பார்த்திருந்தால், மயங்க வைத்தல் என்னும் குற்றத்திற்கு அதனையே எடுத்துக்காட்டாகச் சேர்த்திருப்பார்!

எழுத்து எழுத்தாகவே செல்க

முதலாவது, பாடத்தைப் படமாக அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்ப வேண்டும். இது சிறு செய்தி போல் தோன்றும். இதில்தான் பாதிப் பயன் அடங்கியுள்ளது. எழுத்தாக அனுப்பிய பாடத்தைப் பாட்டனார் தம் கண்ணுக்கு ஏற்பப் பெரிதாக்கிக்கொள்ளலாம். வரிகள் திரைக்குத் தக்கவாறு தாமே மடங்கிக்கொள்ளும். ஒரு சொல்லைத் தேடினால் அகப்படும். கண்பார்வை இல்லாதவருக்குக் கைப்பேசியே உரக்கப் படித்துக் காட்டும். படமாக அனுப்பினால் இவை பெரும்பாலும் கைகூடா. அன்றியும் வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கி அனுப்புவதால், நான்கு கை மாறி வரும்போது எழுத்தின் விளிம்புகள் கரைந்துவிடுகின்றன. ஓவியமோ கல்வெட்டோ படமாகவே செல்ல வேண்டும் எனில், அதனை ஆவணமாக இணைத்து அனுப்பினால் சுருங்காது.

எழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. நம்மிடையே பலர் முன்னாளில் பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டெழுதிய கோப்புகளைச் சேமித்து வைத்துள்ளனர். அவற்றில் தமிழெழுத்தின் வடிவம் ஆங்கில எழுத்துக்குரிய எண்ணில் ஏற்றி வைக்கப்பட்டுள்ளது. அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் அது தமிழாகத் தெரியாது. "அம்மா" என்று பாமினியில் அடித்த சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளாக வந்து நிற்கும். அன்பர் ஒருவர் பக்தியோடு அனுப்பிய அறநெறிச்சார விளக்கம் முழுவதும் இவ்வாறே எமக்கு வந்து சேர்ந்தது. நம் எழுத்துக்கு ஒருங்குறி எனப்படும் உலகப் பொதுக் குறியீட்டில் 1991ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010ஆம் ஆண்டில் அதனை ஏற்றுக்கொண்டது. பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் உள்ளன. மாற்றிய பின் ஒருமுறை வரி வரியாக ஒப்புநோக்க வேண்டும். கிரந்த எழுத்துகளும் கொம்புகளும் இடம் மாறிவிடுவது வழக்கம். "ஸ்ரீபுராணம்" என்பது எப்படியெப்படியோ ஆகிவிடும்.

வரியும் வண்ணமும்

ஆசிரியப் பயிற்சியில் கரும்பலகைப் பயிற்சி என்று ஒன்று உண்டு. எழுதி முடித்ததும் கடைசி இருக்கைக்குச் சென்று அங்கிருந்து தாமே படித்துப் பார்க்கும்படி மாணவியரைப் பணிப்போம். பலகையருகே அழகாகத் தெரிந்த எழுத்து அங்கே கலங்கித் தெரிவதைக் கண்டு அவர்களே மறுபடி எழுதுவர். கணினியில் பாடம் தயாரிப்பவருக்கும் இதுவே சோதனை. வீட்டில் உள்ளவற்றுள் சிறிய, பழைய கைப்பேசியில், வெயில் விழும் முற்றத்தில் நின்று அதனைப் படித்துப் பார்க்க வேண்டும். கடைசி இருக்கை இப்போது அங்கேதான் இருக்கிறது.

தமிழெழுத்து அகலமானது. படிக்கத்தக்க அளவில் வைத்தால் கைப்பேசியின் ஒரு வரியில் நான்கைந்து சொற்களுக்கு மேல் அடங்குவதில்லை. ஏட்டில் ஏழு வரியாக இருக்கும் பத்தி, திரையில் இருபது வரிக்கு மேல் நீண்டு சுவர் போல் நிற்கும். ஆகவே ஒரு பத்தியில் ஒரு கருத்து, மூன்று நான்கு வாக்கியங்கள், பிறகு ஒரு வெற்று வரி என்று அமைத்தால் கண் இளைப்பாறும். மேலும் கீழும் கொம்பும் சுழியும் உடைய எழுத்து நம்முடையது. வரிகளை நெருக்கினால் ஒன்றோடொன்று முட்டும். எழுத்தின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு வரி இடைவெளி இருப்பது நன்று. ஆங்கிலத்தில் உள்ளது போல் பெரிய எழுத்து நமக்கு இல்லாமையால், தலைப்பைத் தடித்த எழுத்தாலும் அளவாலும் தனித்துக் காட்ட வேண்டும். சாய்வெழுத்து தமிழுக்குப் பொருந்தாது என்பது எம் துணிபு. அடிக்கோடோ உகர ஊகாரங்களின் கீழ்வளைவை வெட்டிவிடும்.

வண்ணத்தில்தான் நம்மவர் மிகவும் தாராளம். தசலட்சணப் பருவத்தில் வந்த ஒரு பாடம் நினைவிற்கு வருகிறது. பொறுமை முதல் பிரம்மசரியம் வரையிலான பத்து அறங்களும் ஒரே செய்தியில், பத்தி பிரிக்காமல், மஞ்சள் பின்புலத்தில் வெள்ளை எழுத்தில், வரிக்கு வரி கூப்பிய கைகளும் அகல்விளக்குகளும் மலர்களுமாக வந்தது. பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை; எம்மால் இரண்டாம் அறத்திற்கு மேல் படிக்க இயலவில்லை. பத்து நாள் விழாவிற்குப் பத்து அறங்கள். நாளுக்கு ஒன்றாக அனுப்பியிருந்தால் காலமே அவர்களுக்குப் பாடத்தை வகுத்துக் கொடுத்திருக்கும். அமெரிக்க உளவியலறிஞர் ரிச்சர்ட் மேயர், பாடத்தோடு தொடர்பில்லாத கவர்ச்சிகளைச் சேர்க்கச் சேர்க்கக் கற்றல் குறைவதைத் தம் சோதனைகளில் கண்டார். வண்ணத்திற்கு அளவுகோலும் உண்டு. உலக வலைத்தளங்களுக்கான அணுகல் நெறிமுறை, 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே, எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என விதித்தது. வெள்ளையின் மேல் மஞ்சள் அதன் அருகிலும் வாராது. கறுப்பு, கருநீலம், அரக்கு ஆகிய மூன்றும் வெண்மையின் மேல் நன்கு விளங்கும். இவற்றுள் அடங்காத அலங்காரம் அறநெறிப் பாடத்திற்கு எதற்கு?

ஒரு பொருளை நிறத்தால் மட்டும் சுட்டுவதும் ஆகாது. "சிவப்பில் உள்ளவை நல்வினை, பச்சையில் உள்ளவை தீவினை" என்று ஒருவர் எழுதினால், சிவப்பும் பச்சையும் வேறுபடுத்திக் காண இயலாத பிள்ளைக்கு எல்லாம் ஒருவினையே.

இருபத்து நால்வரை வகுத்த விதம்

இனி அந்த அட்டவணைக்கு வருவோம். அதனை முற்றிலும் கலைத்தோம்.

முதலில், எவை வேண்டா என்று ஆராய்ந்தோம். முத்தித்தலம் என்ற பத்தியில் சம்மேதசிகரம் என்ற சொல்லை இருபது முறை எழுதியிருந்தோம். இது கூறியது கூறல். ரிஷபநாதர் கயிலையிலும், வாசுபூஜ்யர் சம்பாபுரியிலும், நேமிநாதர் ஊர்ஜயந்தகிரியிலும், மகாவீரர் பாவாபுரியிலும் முத்தியெய்தினர். ஏனைய இருபதின்மரும் சம்மேதசிகரத்தில் முத்தியெய்தினர். இந்த ஒரு வாக்கியம் ஒரு முழுப் பத்தியின் வேலையைச் செய்துவிட்டது. பிள்ளைகள் நால்வரை நினைவில் வைத்தால் இருபத்து நால்வரையும் வைத்தவர் ஆகின்றனர். பெற்றோர் பெயர்களைச் சிறுவர் பாடத்திலிருந்து நீக்கி, மூத்த மாணவர்க்குரிய பாடத்தில் வைத்தோம். நீக்க மனம் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆசிரியருக்குத் தாம் அறிந்ததை விட்டுவிடுவதைப் போல் கடினமானது வேறில்லை.

அடுத்து, ஆறு ஆறு பேராக நான்கு கிழமைகளுக்குப் பிரித்தோம். ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தி. அதில் குறுக்குப் பத்திகளே இல்லை. எண்ணும் பெயரும் தலைப்பாகத் தடித்த எழுத்தில் முதல் வரி. இலாஞ்சனம் இரண்டாம் வரி. பிறகு அவர் வரலாற்றிலிருந்து ஒரே ஒரு நிகழ்ச்சி, இரண்டு வாக்கியங்களில். இந்த வரிசை எல்லாருக்கும் மாறாமல் இருக்குமாறு பார்த்துக்கொண்டோம். மூன்றாவது செய்தியைத் திறக்கும்போதே பிள்ளைக்கு எது எங்கே இருக்கும் என்று தெரிந்துவிடுவதால், கண் தேடுவதில்லை.

ஐந்தாம் கிழமை ஒரு தனிப் பாடம் வைத்தோம். அதில் மயங்கத் தக்கவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆறாவது தீர்த்தங்கரர் பத்மபிரபருக்குத் தாமரை. இருபத்தோராமவர் நமிநாதருக்குக் கருங்குவளை. சிறிய படத்தில் இரண்டும் ஒரு பூவாகவே தெரியும். ஆகவே படத்தின் கீழ்ப் பூவின் பெயரை எழுதியே தீரவேண்டும். ஏழாமவர் சுபார்சுவநாதர், இருபத்து மூன்றாமவர் பார்சுவநாதர். பெயரும் ஒலியால் நெருங்கியது. திருமேனியிலும் இருவருக்கும் நாகபடம் உண்டு. சுபார்சுவருக்குப் பெரும்பாலும் ஐந்து தலை, பார்சுவருக்கு ஏழு தலை. சுபார்சுவருக்கு இலாஞ்சனம் சுவஸ்திகம், பார்சுவருக்கு நாகம். ஒத்த இரண்டை முதல் நாளே அருகருகே வைத்துக் கற்பித்தால் பிள்ளை குழம்பும். ஒவ்வொன்றும் தனியே வேரூன்றிய பின் அருகருகே வைத்தால் தெளியும். வகுப்பறையில் ரகர றகர வேறுபாட்டைக் கற்பிப்பதும் இவ்வாறே அன்றோ?

படம் யாருடையது?

இணையத்தில் தேடினால் தீர்த்தங்கரர் படங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். அவற்றை அப்படியே எடுத்து ஒட்டுவது இளைஞர்களின் வழக்கம். இங்கே விழிப்பு வேண்டும். நம் தமிழ்ச் சமணர் திகம்பர மரபினர். இணையப் படங்களிலும் பட்டியல்களிலும் சுவேதாம்பர மரபைச் சார்ந்தவை மிகுதி. சீதளநாதருக்கு நம் மரபில் கற்பக மரம். அவர்கள் மரபில் ஸ்ரீவத்சம். அரநாதருக்கு நம் மரபில் மீன்; அவர்கள் மரபில் நந்தியாவர்த்தம். மல்லிநாதரைப் பெண்ணாகக் கொள்வதும் அவர்கள் மரபே. அது அவர்களுக்குப் பிழையன்று. ஆயின் நம் வீட்டுப் பிள்ளை எழுத்தில் மீனையும் படத்தில் நந்தியாவர்த்தத்தையும் ஒருங்கே காணும்போது எதை நம்பும்? எழுத்தும் படமும் முரண்பட்டால் பிள்ளை பெரும்பாலும் படத்தையே நினைவில் கொள்கிறது. பாடத்தைச் சரிபார்ப்பவர் எழுத்துப் பிழையோடு படப் பிழையையும் பார்த்தாக வேண்டும்.

இதற்கு எளிய வழி நம் ஊர்களிலேயே இருக்கிறது. நேமிநாதருக்குப் படம் தேடி வடநாட்டு வண்ணப்படங்களை நாடுவானேன்? ஆரணிக்கும் போளூருக்கும் இடையே திருமலையில் சுமார் 16 அடி உயரத்தில், பாறையில் வடித்த நேமிநாதராகிய சிகாமணிநாதர் நிற்கிறார். திருப்பருத்திக்குன்றத்து விதானத்தில் நேமிநாதர் வரலாறும் ரிஷபநாதர், வர்த்தமானர் வரலாறுகளும் வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் இளைஞர்கள் உரியவர்களின் இசைவு பெற்று, விளக்கொளி பாய்ச்சாமல் இவற்றைப் படமெடுத்துத் தந்தால் பாடத்திற்கும் ஆகும். பிள்ளைக்குத் தன் ஊரின் பெருமையும் தெரியும். படத்தின் கீழ் எந்த ஊர், எவர் திருவுருவம், எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுக. பார்வையற்றோர் அந்த வரியின் வழியேதான் படத்தைக் காண்பர்.

சொல்லும் ஒலியும்

நம் சமய நூல்களின் சொற்கள் பல பிள்ளைகளுக்கு அயலாகிவிட்டன. அவற்றை நீக்கிவிட வேண்டும் என்பாரோடு எமக்கு உடன்பாடில்லை. சொல் போனால் பொருளும் போய்விடும். நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்று தமிழில் தந்து, வடமொழியில் சம்யக் தரிசனம் முதலியனவாக வழங்கும் என்பதை ஒரு முறை அடுத்தே குறித்தால் போதும். பின்னர் பாடம் முழுவதும் ஒரே சொல்லை ஆள வேண்டும். ஒரு பத்தியில் அணுவிரதம், அடுத்ததில் சிறுவிரதம், அதற்கடுத்ததில் இல்லறத்தார் நோன்பு என்று மாற்றி எழுதுவது மேடைக்கு அழகாகலாம். கற்கும் பிள்ளை மூன்றும் வேறு வேறு எனக் கொள்ளும். செய்யுள் தரும்போது சீர் பிரித்து ஒரு முறையும், பதம் பிரித்து ஒரு முறையும் தருக.

தீர்த்தங்கரர் பெயர்களை ஓதும் முறை எழுத்தால் வருவதன்று. வீட்டுப் பெரியோர் ஒருவர் நிதானமாக ஓதிய ஒலிப்பதிவை இணைப்பது சிறந்தது. மூன்று நிமிடங்களுக்கு மேல் வேண்டா. எத்தனை நிமிடம் என்பதை முன்னரே குறித்துவிட்டால், தாய்மார் நேரம் பார்த்துத் திறந்து கொடுப்பர். காணொளி அனுப்பும்போது "இங்கே தொடுக" என்று மட்டும் எழுதாமல், எதைப் பற்றியது, எவ்வளவு நேரம் என்று எழுதுதல் நலம். ஓதலுக்கு எழுத்தும் ஒலியும் சேர்ந்து வருவதில் பயன் உண்டு. ஆனால் விளக்கப் பாடத்தில், திரையில் உள்ள வாக்கியங்களை எழுத்துக்கு எழுத்து அப்படியே உரக்கப் படிப்பது கேட்பவரைச் சோர்வடையச் செய்யும். கண் விரைந்து ஓடும், காது பின்தங்கும்.

ஒவ்வொரு பாடத்தின் இறுதியிலும் இரண்டு வினாக்கள் போதும். ஒன்று பாடத்தில் நேரே விடையுள்ளது. மற்றொன்று வீட்டில் பெரியோரைக் கேட்டு அறிய வேண்டியது. இரண்டாம் வினாவால்தான் தாத்தாக்களும் பாட்டிகளும் அருகிருக்கும் ஆசிரியர் ஆகின்றனர். விடையை எழுதியனுப்பப் பிள்ளைகள் சோம்பினால் குரலால் சொல்லி அனுப்பட்டும். அக்குரலில் எங்கே தயங்குகிறது என்று கேட்டால், பாடம் எங்கே இடறியது என்பது நமக்குப் புலப்படும்.

மகாவீரர் முத்தி பெற்ற நாளாகிய தீபாவளியை ஒட்டி, அவ்வாண்டே புதிய பாடங்களை அனுப்பத் தொடங்கினோம். நான்காம் கிழமை முடிந்ததும் பேத்தியைத் தொலைபேசியில் அழைத்து, "நேமிநாதருக்கு?" என்றோம். "சங்கு" என்று சொல்லிவிட்டு அவள் எம்மை அடுத்த வினாவிற்கு விடவில்லை. நேமிநாதரைப் பற்றிய செய்தியில், தம் திருமண விருந்திற்காக அடைத்து வைக்கப்பட்ட விலங்குகளின் ஓலத்தைக் கேட்டு அவர் மணப்பந்தலுக்குச் செல்லாமல் திரும்பித் துறவு பூண்டார் என்று இரண்டு வாக்கியங்கள் எழுதியிருந்தோம்.

"அவர் திரும்பிப் போயிட்டாரு, சரி. அந்த ஆடு மானெல்லாம் என்ன ஆச்சு பாட்டி? யாராவது திறந்து விட்டாங்களா?"

அடுத்த கிழமைக்கென எழுதி வைத்திருந்த பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த வினாவிலிருந்தே தொடங்கினோம்.